ஏடு மாறினால் பலகை எப்படி அறியும்?

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் ஒட்டன்சத்திரம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று அங்கே உள்ளது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் விளையும் முருங்கை, தக்காளி, கத்தரி, வெண்டை முதலிய காய்கள் அங்குள்ள மண்டிகளுக்கு வந்து சேர்கின்றன. ஏலத்தில் விலை போகின்றன. பின்னர் லாரிகளில் ஏறிக் கேரளத்திற்கும் பிற ஊர்களுக்கும் செல்கின்றன.

அத்தகைய மண்டி ஒன்றை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே கணக்குப்பிள்ளை ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எந்தச் சரக்கு வந்தது, எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை என்பதெல்லாம் அந்த ஏட்டில் ஏறுகின்றன. வாசலில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. ஏட்டில் உள்ளவை அந்தப் பலகையிலும் தெரிய வேண்டும். ஏனென்றால், உழவரும் வியாபாரியும் ஏட்டைப் பார்ப்பதில்லை, பலகையைத்தான் பார்க்கிறார்கள். பலகையில் பழைய விலை இருந்தால் உழவர் ஏமாந்துபோவார்; இல்லாத சரக்கு எழுதப்பட்டிருந்தால் வியாபாரி வீணாகக் காத்திருப்பார்.

ஏட்டில் ஒன்று மாறியதும் பலகைக்கு அது எப்படித் தெரிகிறது? எளிய கேள்வி போலத் தோன்றுகிறது அல்லவா? கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் நாம் காணும் ஒவ்வொரு பட்டியலுக்கும் பின்னால் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. கணிப்பொறியின் நினைவகத்தில் உள்ள பட்டியல்தான் ஏடு. திரையில் நாம் காணும் பட்டியல்தான் பலகை. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒன்று மாறினால் மற்றொன்றும் தானே மாறும்படி செய்வதற்குத் ‘தரவுப் பிணைப்பு’ என்று பெயர். மென்பொருள் எழுதுவோர் இதனை ‘டேட்டா பைண்டிங்’ என்பார்கள்.

கேட்டுக்கொண்டே இருப்பதா?

முதல் வழி, பலகை எழுதும் பையன் ஒவ்வொரு நொடியும் உள்ளே ஓடிச்சென்று, “ஏதாவது மாறியதா?” என்று கேட்பது. ஒரு மணி நேரத்திற்கு 3,600 நொடிகள். அந்த நேரத்தில் ஏட்டில் 20 மாற்றங்கள் நிகழ்ந்தன என்று கொள்வோம். மாற்றம் ஒவ்வொன்றும் வெவ்வேறு நொடியில் நிகழ்ந்திருந்தாலும், 3,580 முறை அவன் ஓடியது வீண். அப்படி ஓடியும், மாற்றம் பலகைக்கு வர ஒரு நொடி வரை தாமதம் ஆகலாம். கணிப்பொறியில் இந்த வீண் ஓட்டம் மின்சாரச் செலவாகிறது. கைப்பேசியில் பாட்டரி விரைவில் தீர்ந்துபோகிறது.

இரண்டாம் வழி, பையன் வாசலிலேயே இருப்பது. ஏட்டில் எழுதியவுடன் கணக்குப்பிள்ளையே மணி அடித்துச் சொல்வது. இப்போது 20 மாற்றங்களுக்கு 20 மணிதான். வீண் ஓட்டமும் இல்லை, தாமதமும் இல்லை.

இந்த இரண்டாம் வழி மென்பொருள் உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1978-79 ஆம் ஆண்டுகளில் பணிபுரிந்த நார்வே நாட்டு அறிஞர் ட்ரிக்வே ரீன்ஸ்காக், தரவு வேறு, அதைக் காட்டும் திரை வேறு என்று பிரித்து அமைக்கும் முறையை வகுத்தார். தரவு மாறும்போது திரைக்குச் சொல்ல வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி ஆயிற்று. 1994 ஆம் ஆண்டில் எரிக் காமா முதலிய நால்வர் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ என்ற நூல், இந்த உத்திக்கு ‘அப்சர்வர்’, அதாவது ‘கவனிப்பவர்’, என்ற பெயரைப் பரவலாக்கியது.

மணி அடிக்கும் பட்டியல்

2006 ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட டாட்நெட் 3.0 என்னும் மென்பொருள் தொகுதியில், ‘அப்சர்வபிள் கலெக்ஷன்’ என்ற ஒரு பட்டியல் வகை இடம்பெற்றது. ‘கவனிக்கத்தக்க தொகுப்பு’ என்று நாம் தமிழில் கூறலாம். சாதாரணப் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: தன்னில் ஏதேனும் மாறினால் இது மணி அடிக்கும்.

மணி என்றால் வெறும் ஓசை மட்டுமன்று. அதனுடன் ஒரு சீட்டும் வரும். அந்தச் சீட்டில் ஐந்து வகைச் செய்திகளுள் ஒன்று இருக்கும். ‘புதிதாக ஒன்று சேர்ந்தது’, ‘ஒன்று நீங்கியது’, ‘ஒன்றின் இடத்தில் வேறொன்று வந்தது’, ‘ஒன்று இடம் மாறியது’ என்பவை நான்கு. ஐந்தாவது, ‘எல்லாம் மாறிவிட்டது, முழுவதையும் மீண்டும் பார்த்துக்கொள்’ என்பது. முதல் நான்கிலும், மாறிய உருப்படி எது, அது எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பனவும் குறிக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பட்டியலில் ஒன்று சேர்ந்தாலோ, நீங்கினாலோ, ஒன்றின் இடத்தில் வேறொன்று வந்தாலோ, இடம் மாறினாலோ, முழுவதும் மாறினாலோதான் பட்டியல் மணி அடிக்கும். ஏற்கெனவே உள்ள தக்காளியின் விலை 18 ரூபாயிலிருந்து 20 ரூபாயாக மாறினால் பட்டியலுக்கு அது தெரியாது! தக்காளி என்னும் உருப்படியே தன் மாற்றத்தைச் சொல்லும்படி தனியாக அமைத்திருக்க வேண்டும். இதை அறியாமல், “விலை மாறியும் திரை மாறவில்லையே!” என்று திகைத்து நிற்கும் புதியவர்கள் பலர்.

ஆயிரம் உருப்படி, ஐந்து லட்சம் வரி

மணி அடிக்கும் முறை நல்லதுதான். ஆனால் அதிலும் ஒரு தொல்லை உண்டு. விடியற்காலையில் வரிசையாக வண்டிகள் வந்து நிற்கின்றன. ஏட்டில் 1,000 உருப்படிகள் ஏற வேண்டும். கணக்குப்பிள்ளை ஒன்றை எழுதுகிறார், மணி அடிக்கிறார். பையன் பலகையை முழுவதும் அழித்து ஒரு வரி எழுதுகிறான். அடுத்ததை எழுதுகிறார், மணி. மீண்டும் அழித்து இரண்டு வரி எழுதுகிறான். மூன்றாவது மணிக்கு மூன்று வரி. இப்படியே போனால் மொத்தம் எத்தனை வரிகள்?

கணக்கு வகுப்பில் நீங்கள் படித்த கூட்டல் தொடர்தான் இது. 1 முதல் 1,000 வரை உள்ள எண்களின் கூடுதல் 1,000 × 1,001 ÷ 2, அதாவது 5,00,500. ஆயிரம் வரி எழுதினால் போதும் என்ற இடத்தில் ஐந்து லட்சத்து ஐந்நூறு வரிகள்! திரையில் ஒரு வரி வரைய ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் வரிக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஐந்து லட்சம் வரிக்கோ ஏறத்தாழ 50 நொடிகள் ஆகும். அந்த 50 நொடியும் திரை விரலுக்கு மசியாமல் உறைந்து நிற்கும்.

உருப்படிகளை இரு மடங்காக்கினால் வேலை இரு மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகிறது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். பத்து உருப்படிகளை வைத்துச் சோதிக்கும்போது வேகமாக ஓடிய மென்பொருள், உண்மையான சந்தைக்குப் போனதும் திணறுவது இதனால்தான்.

எது மாறியதோ அதை மட்டும்

முதல் மருந்து எளியது. சீட்டில்தான் ‘எத்தனையாவது இடத்தில் என்ன மாறியது’ என்று எழுதியிருக்கிறதே! அதைப் படித்து, அந்த ஒரு வரியை மட்டும் எழுதினால் என்ன? 1,000 மணிக்கு 1,000 வரிதான் ஆகும். நன்கு எழுதப்பட்ட திரைப் பட்டியல்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அத்துடன், திரையில் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரிவது இருபதோ முப்பதோ வரிகள்தான். தெரியாத வரிகளை வரையாமலேயே விட்டுவிட்டு, விரலால் தள்ளும்போது மட்டும் வரைந்துகொள்ளும் உத்தியும் உண்டு.

ஆயினும் தொல்லை முற்றும் தீரவில்லை. பலகையின் அடியில் ‘மொத்த வரத்து’ என்று ஒரு கூட்டுத்தொகை இருந்தால், ஒவ்வொரு மணிக்கும் அதை மீண்டும் முதலிலிருந்து கூட்ட வேண்டுமா? பட்டியல் விலை வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு மணிக்கும் அடுக்க வேண்டுமா? மணி ஒவ்வொன்றுக்கும் சிறியதாயினும் ஒரு செலவு உண்டு. ஆகவே மணிகளின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டும்.

மொத்தமாக ஒரு முறை

இரண்டாவது மருந்து, கணக்குப்பிள்ளை பையனிடம், “வண்டி இறங்கி முடியட்டும், பிறகு சொல்கிறேன்” என்று கூறிவிடுவது. ஆயிரத்தையும் ஏட்டில் எழுதி முடித்து, ஒரே ஒரு மணி: ‘எல்லாம் மாறிவிட்டது’. பலகை ஒரே முறை எழுதப்படுகிறது; கூட்டுத்தொகை ஒரே முறை; அடுக்குவதும் ஒரே முறை.

அப்படியானால் எப்போதும் இப்படியே செய்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. ‘எல்லாம் மாறிவிட்டது’ என்ற மணி அடித்தால், எது புதியது எது பழையது என்று பலகைக்குத் தெரியாது. உழவர் ஒருவர் கைப்பேசியில் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய் முருங்கை வரியில் நிற்கிறார். அதைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் பட்டியல் முழுவதும் புதிதாக எழுதப்பட்டால், திரை தலைப்புக்குத் தாவிவிடலாம். அவர் தேர்ந்தெடுத்தது மறைந்துவிடலாம். விரல் வைக்கப் போன இடத்தில் வேறு காய் வந்து நிற்கலாம்! ஒரே ஒரு விலை மாறியதற்காக ஆயிரம் வரியை அழித்து எழுதுவதும் வீண் வேலையே.

ஆகவே நல்ல மென்பொருள் எழுதுவோர் இரண்டையும் எடைபோடுகிறார்கள். ஆயிரத்தில் மூன்று மாறினால் மூன்று தனிச் சீட்டுகள். ஆயிரத்தில் தொள்ளாயிரம் மாறினால் ஒரே மணி. இடைப்பட்ட எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஊகத்தால் முடிவு செய்யாமல், நேரத்தை அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கண்ணுக்கு எட்டாத வேகம்

மூன்றாவது மருந்தைப் பார்ப்போம். ஏலம் சூடு பிடிக்கிறது. தக்காளி 18, 19, 20, 21, 22 என்று ஒரு கணத்தில் ஏறுகிறது. ஐந்து மணிகள். பல திரைகள் நொடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. அஃதாவது ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இடையே ஏறத்தாழ 16.7 மில்லி நொடிதான். அந்த இடைவெளிக்குள் ஐந்து விலைகள் வந்தாலும் திரையில் தெரியப் போவது கடைசி விலையான 22 மட்டுமே. முதல் நான்கையும் வரைவது யாருக்காக? எனவே, சற்றுப் பொறுத்து, கடைசி விலையை மட்டும் எழுதினால் போதும்.

ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அறிந்து விட வேண்டும். ‘இப்போதைய விலை 22’ என்பது ஒரு நிலை. புதிய நிலை வந்ததும் பழைய நிலை தேவையில்லை. ‘5 மூட்டை வந்தது’, ‘மேலும் 3 மூட்டை வந்தது’ என்பவையோ நிகழ்ச்சிகள். கடைசிச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு முன்னதை விட்டுவிட்டால், 8 மூட்டை 3 ஆகிவிடும்! நிகழ்ச்சிகளைச் சேர்த்துச் சொல்லலாம், விட்டுவிடக் கூடாது.

ஒரு சீட்டு தவறிப்போனால்

ஒரு சீட்டு தவறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பலகையில் ஐந்து வரிகள் இருக்கின்றன: 1. தக்காளி, 2. கத்தரி, 3. வெண்டை, 4. முருங்கை, 5. புடலை. வெண்டை விற்றுப்போயிற்று. ‘3 ஆம் வரியை நீக்கு’ என்று ஒரு சீட்டு கிளம்புகிறது. இப்போது ஏட்டில் முருங்கை 3 ஆம் இடத்துக்கும் புடலை 4 ஆம் இடத்துக்கும் ஏறிவிட்டன. அடுத்துப் புடலையும் விற்றுப்போயிற்று. ‘4 ஆம் வரியை நீக்கு’ என்று மற்றொரு சீட்டு கிளம்புகிறது.

முதல் சீட்டு வழியில் தொலைந்துபோய், இரண்டாவது மட்டும் வந்து சேர்ந்தால்? பையன் தன் பலகையில் உள்ள 4 ஆம் வரியை நீக்குகிறான். அது முருங்கை! ஏட்டில் முருங்கை விற்காமல் அப்படியே இருக்கிறது. பலகையிலோ அது இல்லை. விற்றுப்போன வெண்டையும் புடலையும் இருக்கின்றன. முருங்கை கொண்டுவந்த உழவரின் சரக்கு யார் கண்ணிலும் படாமல் மூலையில் வாடுகிறது. பிழை ஒரு சீட்டில்தான். ஆனால் அதன் பிறகு வரும் ஒவ்வொரு சீட்டும் பிழையை வளர்க்கிறது.

இதற்கு மருந்து, சீட்டுகளுக்குத் தொடர் எண் இடுவது. 7 ஆம் சீட்டுக்குப் பின் 9 ஆம் சீட்டு வந்தால், 8 எங்கே என்று பலகை நின்று கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால், “முழுப் பட்டியலையும் மீண்டும் தாருங்கள்” என்று கோர வேண்டும். இந்த இடத்தில் முழுப்பட்டியலைப் பெறுவது வீண் செலவன்று; அதுவே பாதுகாப்பு. ஒரே கணிப்பொறிக்குள் சீட்டு தொலைவது அரிது. வலைப்பின்னல் வழியே வெவ்வேறு ஊர்களுக்குச் செல்லும்போது இந்த எச்சரிக்கை இன்றியமையாதது.

வாய் மூடிய பட்டியல்

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. “முடிந்ததும் சொல்கிறேன்” என்று மணியை நிறுத்தி வைத்த கணக்குப்பிள்ளை, இடையில் ஏதோ தகராறு வந்து எழுந்து போய்விட்டார் என்று கொள்ளுங்கள். மணி இனி அடிக்காது. பலகை, ஒன்றும் மாறவில்லை என்றே எண்ணிக்கொண்டிருக்கும். மென்பொருளிலும் இப்படி நேர்வது உண்டு. மணியை நிறுத்திய பிறகு நடுவில் ஒரு பிழை ஏற்பட்டு, மணியை மீண்டும் இயக்கும் வரியை அடையாமலே நிரல் வெளியேறிவிடும். அதனால்தான், பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் கட்டாயம் நிறைவேறும் பகுதியில் அந்த வரியை எழுத வேண்டும் என்பது நல்ல நிரலரின் ஒழுங்கு.

மெதுவான பலகையை மக்கள் சந்தேகிப்பார்கள், பொறுத்திருந்து கேட்பார்கள். அமைதியான பலகையையோ நம்பிவிடுவார்கள். இரண்டாவதே பெரிய கேடு.

உழவர் சந்தையின் பாடம்

1999 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் மதுரையில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. பின்னர் திண்டுக்கல் உள்படப் பல ஊர்களிலும் உழவர் சந்தைகள் வந்தன. அங்கே மண்டியைப் போல ஏலம் இல்லை. மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அன்றைய விலை காலையில் முடிவு செய்யப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. உண்மை நாளுக்கு ஒரு முறை மாறுகிறது. பலகையும் நாளுக்கு ஒரு முறை மாறுகிறது. அங்கே நொடிக்கு நொடி மணி தேவையில்லை. முழுப்பட்டியலையும் ஒரே தடவையில் எழுதுவதே சரி.

2018 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘உழவன்’ செயலியிலும் சந்தை விலை பார்க்கும் வசதி இடம்பெற்றது. இன்று காய் பறிப்பதா, நாளைக்குப் பறிப்பதா என்று தோட்டத்தில் நின்று முடிவு செய்பவருக்கு அன்றைய விலை போதும். ஏலத்தில் நின்று விலை கேட்பவருக்கோ அந்தக் கணத்து விலை வேண்டும். ஆகவே மென்பொருள் எழுதத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உண்மை எவ்வளவு அடிக்கடி மாறுகிறது? அதைப் பார்த்து யார், எப்போது முடிவு எடுக்கப் போகிறார்? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால், எந்த மருந்து பொருந்தும் என்பது தானே விளங்கும். குறைவாகச் சொல்வது சிறப்பு. ஆனால் சொல்லி முடித்தபின் ஏடும் பலகையும் ஒன்றாக இருப்பது அதனினும் சிறப்பு.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாமலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் ‘ஏடு’ ஆகட்டும். மற்றொருவர் வகுப்புக் கரும்பலகையில் ‘பலகை’ ஆகட்டும். மூன்றாமவர் பலகையில் எழுதப்படும் வரிகளை எண்ணட்டும். பத்துக் காய்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில், ஒவ்வொரு முறையும் முழுவதையும் அழித்து எழுதுங்கள்: 55 வரிகள் வரும். அடுத்து, சீட்டில் உள்ள ஒரு வரியை மட்டும் எழுதுங்கள்: 10 வரிகள். பிறகு, பட்டியலின் நடுவில் சில காய்களை நீக்கியும் சேர்த்தும் சீட்டுகள் அனுப்புங்கள்; அவற்றுள் ஒன்றை வேண்டுமென்றே மறைத்துவிடுங்கள்.

கடைசியில் நோட்டையும் கரும்பலகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தச் சீட்டிலிருந்து பிழை தொடங்கியது என்பதைத் தொடர் எண் இல்லாமல் உங்களால் கண்டுபிடிக்க முடிகிறதா?